ஐந்து பேருக்கு ஒரு புத்தகம்

அந்தப் பகுதியில் கர்ட்டன் அக்கா என்று சொன்னால்தான் அவளைத் தெரியும். வீடு வீடாகப் போய் ஜன்னலை அளப்பாள். கடையில் உட்கார்ந்து தைப்பாள். தைத்ததை எடுத்துப் போய், ஸ்டூல் மேல் ஏறி, தானே மாட்டிவிட்டும் வருவாள். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே வீட்டுக்காரர்களோடு ஊர்க்கதை பேசுவாள். ஓர் ஊசியும் கீழே விழாது.

அப்படி ஒரு வீட்டில் ஸ்டூல் ஆட்டம் கண்டபோது, சமையலறையில் ஃபிரிட்ஜைப் பிரித்துப் போட்டிருந்த மெக்கானிக் ஓடி வந்து பிடித்துக்கொண்டார். அவர் மனைவியை இழந்தவர். இவள் கணவனை இழந்தவள். பழக்கம் மெல்ல வளர்ந்தது. இரண்டு வீட்டாரும் ஆற அமர யோசித்து, கடைசியில் கல்யாணமும் நடந்தது.

சினிமாவாக இருந்தால் அங்கேயே சுபம் போட்டிருப்பார்கள். இது வீடு. மெக்கானிக்கின் மாடி வீட்டில் இருந்தது இரண்டு அறை, ஒரு கூடம், ஒருவர் நின்றால் இன்னொருவர் திரும்ப முடியாத சமையலறை. அதில் இப்போது ஐந்து பேர். இவளுடைய மகள் ஒன்பதாம் வகுப்பு. அவருடைய மகன் இரண்டாம் வகுப்பு. ஒல்லியாக இருந்ததாலும் கேள்வி கேட்டே குத்துவதாலும் அவனுக்கு ‘ஊசி’ என்று பெயர். அப்புறம் அவருடைய அப்பா. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் உள்ளே வந்தாலும் ஏற இறங்க ஒரு முறை பார்க்காமல் விடமாட்டார்.

ஐந்து பேரும் ஐந்து நேரத்தில் சாப்பிட்டார்கள். மாமனார் செய்தி கேட்டுக்கொண்டு. மெக்கானிக் போனில் கம்ப்ரஸரைப் பற்றிப் பேசிக்கொண்டு. ஊசி தரையில் உட்கார்ந்து, பாதி சாப்பாட்டைத் தரைக்கே கொடுத்துக்கொண்டு. மகளோ தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள்.

“எல்லாரோடயும் உக்காந்து சாப்பிடேன்டி,” என்றாள் அம்மா ஒருநாள்.

“நீ கல்யாணம் பண்ணிக்கிட்ட. நான் பண்ணிக்கலை,” என்றாள் மகள். கதவு மூடிக்கொண்டது.

அவளைக் குற்றம் சொல்ல அம்மாவுக்கு மனம் வரவில்லை. பழைய பள்ளிக்கூடம், பழைய தெரு, பழைய தோழிகள் எல்லாவற்றையும் விட்டு வந்தவள். இங்கே யாரையும் உறவுமுறை சொல்லிக் கூப்பிடமாட்டாள். மெக்கானிக் ‘அவர்’, ஊசி ‘அவரோட பையன்’. அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் ஊசியின் வகுப்பு டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். மெக்கானிக்குக் கை ஒழியவில்லை. கர்ட்டன் அக்கா போனாள்.

“எழுத்தெல்லாம் நல்லாத் தெரியுது,” என்றார் டீச்சர். “ஆனா படின்னு சொன்னா உடனே வயித்து வலி வந்துடுது. புத்தகம்னாலே பரீட்சைன்னு நினைச்சுக்கறான். வீட்டுல யாராவது அவனுக்குப் படிச்சுக் காட்டறீங்களா? அவனைப் படிக்கச் சொல்ல வேண்டாம். அவன் கேட்டா போதும்.”

அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். தினம் ஏதாவது படித்துக் காட்டுவது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தாள். எங்கே வைத்துப் படிப்பது என்பதுதான் விஷயம். மகளின் அறையில் முடியாது. மற்ற அறையில் மாமனாரின் செய்தி ஓடிக்கொண்டே இருக்கும். மிச்சம் இருப்பது கூடம். கூடத்தில் படித்தால் எல்லாருடைய காதிலும் விழும். அப்படியானால் எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரி ஒன்றைப் படித்தால் என்ன?

நல்லவேளையாக அந்த மாதம்தான் நூலகத்தின் மேல்மாடிக்குத் திரை தைக்கும் வேலை வந்திருந்தது. மேற்கு வெயில் படிப்பவர்கள் முகத்தில் அடிக்கிறது என்று புகார். அளவெடுக்கப் போனவள், டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு, நூலகர் அம்மாவிடம் போய் நின்றாள்.

“மேடம், குடும்பமா உக்காந்து படிக்க ஒரு புத்தகம் வேணும்.”

“எந்த வயசுக்கு?”

“ஏழுலேருந்து எழுபது வரைக்கும்.”

நூலகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். “சின்னவங்களுக்குக் கீழ. பெரியவங்களுக்கு மேல. நடுவுல மாடிப்படிதான் இருக்கு.”

அவள் கீழே போய் ஒன்றை எடுத்தாள். அட்டையில் ஏழு வயதினருக்கு என்று போட்டிருந்தது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் விரித்து வைத்துக்கொண்டு படித்தாள். ஒரு முயல் தொப்பியைத் தொலைக்கும். கடைசிப் பக்கத்தில் தொப்பி தலையிலேயே இருக்கும். ஊசிக்கு இரண்டாம் பக்கத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. “தலைல பாரு, தலைல பாரு,” என்று முயலுக்கு வழி சொன்னான். உள்ளிருந்து மகளின் குரல் வந்தது: “அடுத்து பால் புட்டி குடுங்க.”

மறுவாரம் மேல்மாடியிலிருந்து ஒரு தலையணை கனத்துக்கு நாவல் கொண்டுவந்தாள். உயர்ந்த இலக்கியம் என்று பின்னட்டை சொன்னது. முதல் அத்தியாயம் முழுக்க மழை. மழை நிற்பதற்குள் ஊசி தூங்கிவிட்டான். மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதாகச் சொன்னார். குறட்டை வேறு மாதிரி சொன்னது.

மூன்றாவது தடவை யாருக்கும் வம்பில்லாமல் நீதிக்கதைத் தொகுப்பு ஒன்றை எடுத்தாள். அதில் நரி பேசியது, ஆமை பேசியது, ஒரு கதையில் செருப்பே பேசியது. மாமனார் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“ஏம்மா, இதுல வர்ற அத்தனையும் எனக்குப் புத்தி சொல்லுது. நான் என்னம்மா தப்பு பண்ணேன்?”

மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் சப்பென்று ஆகிவிட்டது.

விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். அடுத்த நாள் நூலகத்தில் கம்பி பொருத்தப் போனபோது, கைகள் கம்பியில் இருந்தன. மனம் கூடத்தில் இருந்தது. யாருமே கேட்கவில்லை என்று சொல்ல முடியாதே. முயலுக்கு ஊசி வழி சொன்னான். மாமனார் பொறுமை இழக்கும்வரை காதைக் கொடுத்திருந்தார். கேலி செய்கிற அளவுக்காவது மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்க ஆள் இருக்கிறது. அவர்களுக்குக் கொடுக்கத்தான் சரக்கு சரியில்லை.

அன்றிலிருந்து அவள் அட்டையைப் பார்த்துப் புத்தகம் எடுப்பதை விட்டாள். துணிக்கடையில் சாம்பிளைப் பார்த்து ஏமாறுகிறவர்களைத் தினம் பார்க்கிறவள்தானே. வேலை முடிந்ததும் அலமாரி முன்னால் நின்றுகொள்வாள். ஒரு புத்தகத்தின் முதல் பக்கத்தை வாய்க்குள் முணுமுணுத்துப் படிப்பாள். பிறகு நடுவில் எங்கேயோ ஒரு பக்கம். நாக்கு தடுக்கினால் திரும்ப வைத்துவிடுவாள். படித்து முடித்ததும் ‘அப்புறம்?’ என்று தன் வாயிலேயே வரவில்லையென்றாலும் வைத்துவிடுவாள். வயதைப் பற்றிய பயமும் போயிற்று. தானாகப் படிக்க முடியாததைக்கூடக் குழந்தை காதால் வாங்கிக்கொள்ளும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். பெரியவர்களுக்கு அலுக்காத கதையாக இருந்தால் போதும். புரியாத இரண்டு சொல்லை ஊசி கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். கேள்வி கேட்க அவனுக்கா சொல்லித்தர வேண்டும்?

“அம்மா, இங்க முணுமுணுக்கக் கூடாது,” என்றார் நூலகர்.

“வீட்டுல சத்தமாப் படிக்கப்போறதை இங்க சத்தமில்லாமப் பாத்தா எப்படி மேடம் தெரியும்?”

நூலகர் யோசித்தார். “அப்ப மாடிப்படில நின்னு முணுமுணுங்க,” என்றார்.

மாடிப்படியின் திருப்பத்தில் நின்றுதான் அந்தப் புத்தகத்தைக் கண்டுபிடித்தாள். நடுத்தரப் பருமன். ஆற்றில் பயணிகளை அக்கரைக்குக் கொண்டுபோகும் படகு ஒன்று. அதற்கு ஒரு கேப்டன். பெரிய மீசை, பெரிய தொப்பி. அவருக்கு நீந்தத் தெரியாது. அது யாருக்கும் தெரியாது. ஊரே அவரை மகா நீச்சல்காரர் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. முதல் பக்கத்திலேயே நீச்சல் போட்டிக்கு அவரைத் தலைவராகப் போட்டுவிடுகிறார்கள். ஏன் தண்ணீரில் இறங்கவில்லை என்று கேட்டதற்கு, ஆறு தம்மைக் கண்டால் பயந்து வற்றிவிடும் என்கிறார்.

படியில் நின்றபடியே அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அன்று ராத்திரி அவள் யாரையும் கூப்பிடவில்லை. அவசரமாகக் கொடுக்க வேண்டிய ஒரு திரையின் ஓரத்தை மடியில் போட்டுக்கொண்டு மடித்துத் தைத்தபடி, புத்தகத்தைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துப் படிக்க ஆரம்பித்தாள். ஆறு வற்றுகிற இடம் வந்ததும் மாமனார் செய்தியை நிறுத்தினார்.

“பெரிய புளுகனா இருப்பான் போலிருக்கே.”

“புளுகன்னா என்ன தாத்தா?” என்றான் ஊசி.

“டிக்கெட் எடுக்காம ஏறிட்டு, ஜன்னல் வழியாப் பறந்துபோச்சுன்னு சொல்றவன்.” சொல்லிவிட்டு அப்படிச் சொன்ன ஒருவனின் கதையையே சொன்னார். கேப்டன் கொஞ்ச நேரம் கரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த வீட்டுக்கு வந்து இத்தனை மாதத்தில் மாமனார் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

மறுநாள் சாப்பாட்டுக்குப் பாய் விரிக்கும்போதே ஊசி கேப்டனைப் பற்றிக் கேட்டான். அதற்கு மறுநாள் மெக்கானிக் போனை அணைத்துவிட்டு வந்தார். மகளின் கதவு மட்டும் சாத்தியே இருந்தது. ஆனால் தாழ்ப்பாள் போடும் சத்தம் வரவில்லை.

ஒருநாள் புத்தகத்தைக் காணவில்லை.

ஊசி வீட்டைத் தலைகீழாகப் புரட்டினான். கேப்டன் நீச்சல் போட்டி மேடைமேல் ஏறுகிற இடம். முந்தின ராத்திரி அங்கேதான் படிப்பதை நிறுத்தியிருந்தார்கள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமனார் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். பழைய உத்தியோகக் கம்பீரம் முகத்தில் வந்துவிட்டது. ஒவ்வோர் இடமாகப் பார்த்தவர், கடைசியில் பேத்தி முறையுள்ள பெண்ணின் கதவைத் தட்டி, ரயிலில் கேட்கிற தோரணையில் கேட்டார்.

“பெட்டில வேற யாராவது இருக்காங்களாம்மா?”

கதவு கொஞ்சம் திறந்தது. மகள் கையில் புத்தகம். விரல் கடைசிப் பக்கங்களுக்குப் பக்கத்தில் இருந்தது. முகம் சிவந்துவிட்டது.

“நீ முன்னாடியே படிச்சிட்டியா?” என்றான் ஊசி. அவன் குரலில் இருந்தது கோபம் இல்லை, பொறாமை. “கேப்டன் மாட்டிக்கிட்டாரா? சொல்லாத. சொல்லு. சொல்லாத.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“டிக்கெட் இல்லாமப் பயணம்,” என்றார் மாமனார். “அபராதம் உண்டு. இன்னைக்கு நீதான் படிக்கணும்.”

அம்மா தைப்பதில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டாள். மகள் கூடத்துக்கு வந்து, சுவரோரமாக உட்கார்ந்து, அரைமனதாக ஆரம்பித்தாள். இரண்டு பக்கத்துக்கு அப்படியே போனது. பிறகு கேப்டனுக்குக் கட்டைக்குரல் கொடுத்தாள். படகுச் சமையல்காரிக்கு மூக்கால் பேசும் குரல். இருமிக்கொண்டே பேசும் மேயர் வந்தபோது அவள் இருமிய இருமலுக்கு மெக்கானிக் தரையில் தட்டிச் சிரித்தார். ஊருக்கு முன்னால் கேப்டன் ஆற்றில் விழுகிறார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். கேப்டன் எழுந்து நிற்கிறார், தண்ணீர் இடுப்பளவுதான்.

ஊசி தரையில் உருண்டான். “இன்னொரு தடவை விழச் சொல்லு,” என்றான். அவள் இன்னொரு தடவை விழ வைத்தாள்.

அதன் பிறகு வீட்டில் புதுச் சண்டைகள் வந்தன. அடுத்து எதைப் படிப்பது என்கிற சண்டை. முறை வைத்துக்கொண்டார்கள். யார் முறையோ அவர் கொண்டுவர வேண்டும். ஆனால் தனக்குப் பிடித்தது என்பதற்காக மட்டும் கொண்டுவரக் கூடாது, மற்ற நால்வரையும் நினைத்துப் பார்த்துக் கொண்டுவர வேண்டும். பிடிக்கவில்லையென்றால் காரணத்தோடு நிறுத்தச் சொல்லலாம். யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. மாமனார் இருப்புப்பாதைகளின் வரலாறு கொண்டுவந்தார். ஊசி நிறுத்தச் சொன்னான். மாமனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பாலம் இடிகிற அத்தியாயத்தை மட்டும் படிக்கலாம் என்று சமாதானம் ஆயிற்று. அதை எல்லாருமே கண்கொட்டாமல் கேட்டார்கள். ஊசி ஆழ்கடலில் வாழும் பிராணிகள் பற்றிப் படங்கள் போட்ட புத்தகம் கொண்டுவந்தான். தலையில் விளக்கு எரியும் மீனைப் பார்த்து, அதற்குள் வயரிங் எப்படி என்று மெக்கானிக் வெகுநேரம் யோசித்தார்.

மகளின் முறை வந்தது. அவள் கொண்டுவந்த நாவலை அம்மா வழக்கம்போல முதலில் புரட்டிப் பார்த்தாள். நடுப்பக்கத்தில் கை நின்றுவிட்டது. அதில் வருகிற பெண்ணின் அப்பா இறந்துபோகிறார்.

அதை எடுத்துக்கொண்டு நூலகரிடம் போனாள். “இதைச் சின்னப் பையன் முன்னாடி படிக்கலாமா மேடம்? அவனுக்கு அம்மா இல்லை. என் பொண்ணுக்கும் அப்பா…”

நூலகர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். “நல்ல புத்தகம்தான். பயமுறுத்தாது. ஆனா நீங்க என்கிட்ட ஏன் கேக்கறீங்க? எடுத்தது உங்க பொண்ணு. அவகிட்ட கேளுங்க.”

அவள் கேட்டாள். மகள் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “எனக்குத் தனியாப் படிக்க முடியலைம்மா. அதான்.”

அந்த அத்தியாயம் வந்த அன்று மகள்தான் படித்தாள். குரல் எங்கேயும் உடையவில்லை. முடித்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை.

“உங்க அப்பாவும் கதைல வர்ற அப்பா மாதிரி விசில் அடிப்பாரா?” என்று ஊசி கேட்டான்.

மெக்கானிக் அவனை அடக்கக் கையைத் தூக்கினார். மகள் தலையசைத்துத் தடுத்தாள். “விசில் வராது. காத்துதான் வரும். ஆனா விடாம அடிப்பார்,” என்றாள். பிறகு, “உங்க அம்மா?” என்று கேட்டாள்.

“எனக்கு ஞாபகம் இல்லை. அப்பாவுக்குத்தான் தெரியும்.”

எல்லாரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள். அதிகம் பேசாத மனிதர். அன்று பேசினார். கர்ட்டன் அக்கா தையல் ஊசியை நூலோடு துணியில் குத்தி வைத்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் வீட்டில் இப்படிப்பட்ட பேச்சு நடக்கும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

பள்ளி விடுமுறைக்கு முன்னால் நூலகர் அவளைக் கூப்பிட்டார். “எத்தனை பேர் வந்து வீட்டுல எல்லாரும் கேக்கற மாதிரி புத்தகம் கேக்கறாங்க தெரியுமா? எனக்குக் கீழ ஒண்ணு, மேல ஒண்ணு எடுத்துக் குடுக்கத்தான் தெரியுது. மாடிப்படித் திருப்பத்துல ஒரு அலமாரி போட்டுத் தரேன். நீங்க நிரப்பித் தாங்க.”

“நானா? நான் ஜன்னல் அளக்கறவ மேடம்.”

“நீங்க மட்டும் இல்லை. நீங்க அஞ்சு பேரும்.”

ஐவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நூலகத்தில் கிடந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு குவியல் சேர்த்தார்கள். மற்றவர்கள் அதைக் கலைத்தார்கள். மாமனார் ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார். அழ வைக்கிற புத்தகம் வேண்டும் என்றாள் மகள். அதற்குப் பக்கத்திலேயே சிரிக்க வைக்கிறது இருக்க வேண்டும் என்றார் மெக்கானிக். படம் உள்ளது, பாட்டு உள்ளது, துப்பறிவது, நிஜமாக நடந்தது என்று கலந்து வைத்தார்கள். கேப்டன் நடுத்தட்டில், ஊசியின் கைக்கு எட்டும் உயரத்தில் நின்றார்.

அலமாரி திறக்கிற நாளில் ஏதாவது படித்துக் காட்டுங்கள் என்றார் நூலகர். கர்ட்டன் அக்கா மகளைப் பார்த்தாள். மகள் சொன்னாள்: “நான் இல்லை. என் தம்பி படிப்பான்.”

என் தம்பி. அந்தச் சொல்லைக் கேட்டு அம்மா மகளை இன்னொரு முறை பார்த்தாள். ஊசிக்கோ பழைய வயிற்று வலி திரும்பி வந்தது. வீட்டில் கொஞ்ச நாளாக அவன் ஒரு வரி, அரைப் பக்கம் என்று படிக்க ஆரம்பித்திருந்தான். யாரும் படி என்று சொல்லாததால் தானாக ஆரம்பித்தது. ஆனால் இது ஊர் முன்னால்.

மாடிப்படியில் கீழும் மேலுமாக ஜனம். இடுப்பில் குழந்தையோடு அம்மாக்கள், பள்ளிச் சீருடைகள், நரைத்த தலைகள். ஊசியின் டீச்சரும் வந்திருந்தார். ஊசி திருப்பத்தில் நின்று புத்தகத்தைப் பிரித்தான். சொல்லுக்குச் சொல் விரல் வைத்துப் படித்தான். கேப்டன் மேடையேறினார். மேயர் இருமினார்; ஊசியும் இருமினான். ஒரு நீளமான சொல்லில் மாட்டிக்கொண்டான். கூட்டத்தில் யாரோ எடுத்துக்கொடுக்க வாயெடுத்தார்கள். மகள் விரலை உதட்டில் வைத்தாள். எல்லாரும் காத்திருந்தார்கள். ஊசி அந்தச் சொல்லை மூன்றாக உடைத்தான், ஒட்டினான், தாண்டினான். பிறகு நிற்கவில்லை. கேப்டன் விழுந்தார். கேப்டன் எழுந்து நின்றார். மாடிப்படி முழுக்கச் சிரிப்பு, மேல்மாடிவரை போய்த் திரும்பி வந்தது. டீச்சர் கைதட்டிக்கொண்டே இருந்தார். மாமனார் பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம், “என் பேரன். அது என் பேத்தி. அவதான் தயார் பண்ணது,” என்று கேட்காமலே சொன்னார்.

“சித்தி, நான் முழுசாப் படிச்சேன்,” என்று ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டான் ஊசி.

“கேட்டேன்டா. ஒரு எழுத்து விடாம,” என்றாள் கர்ட்டன் அக்கா.

அவள் நிமிர்ந்தபோது அலமாரியைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. ஒரு தாத்தாவும் அவர் பேத்தியும் ஒரே புத்தகத்தின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நெரிசல் குறைந்தபோது மூன்று தட்டும் காலி. கேப்டனைக்கூட யாரோ அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நூலகர் வெறும் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இவர்கள் பக்கம் திரும்பினார்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை உங்களுக்கு வேலை ஏதாவது இருக்கா?”

“இருக்கே மேடம்,” என்றாள் மகள். “இதை நிரப்பணும்.”